இருப்பதா, கிளம்புவதா: நெருக்கடி நேரத்தில் முடிவெடுக்கும் முறை

புயல், வெள்ளம், காட்டுத்தீ, நச்சுவாயுக் கசிவு, கலவரம் என எது வந்தாலும் ஒரு குடும்பத்தின் முன் முதலில் வந்து நிற்கும் கேள்வி, வீட்டிலேயே இருக்கலாமா, வேறிடம் போய்விடலாமா என்பதுதான். இதற்கு இரண்டு விடைகளே உள்ளன என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் விடைகள் மூன்று: இருப்பது, நேரத்தோடு கிளம்புவது, நேரம் தவறிக் கிளம்புவது. மூன்றாவதை யாரும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் தங்களை அறியாமலேயே அதில் போய் விழுகிறார்கள். வீட்டின் பாதுகாப்பையும் கைவிட்டு, வழியின் பாதுகாப்பும் இல்லாமல், ஆபத்து உச்சத்தில் இருக்கும் நேரத்தில் திறந்த வெளியில் நிற்கும் நிலை அது.

2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் பாரடைஸ் என்ற ஊரைக் காட்டுத்தீ சில மணி நேரத்தில் விழுங்கியது. அந்தத் தீயில் 85 பேர் இறந்தார்கள். ஊரை விட்டு வெளியேறும் சாலைகள் வாகனங்களால் அடைபட்டுப்போக, சிலர் தம் கார்களுக்குள்ளேயே மடிந்தனர். அதற்கு 9 ஆண்டுகள் முன்பு, 2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பற்றிய தீ 173 உயிர்களைக் கொண்டுபோனது. ஆயத்தமாக இருந்து வீட்டைக் காத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள் என்பதே அதுவரை அங்கிருந்த அறிவுரை. ஆனால் இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீடுகளுக்குள்ளோ, வீடுகளை ஒட்டியோ இருந்தவர்கள். அதன் பிறகு, மிகக் கடுமையான தீ அபாய நாட்களில் முன்னதாகவே வெளியேறுவதுதான் உயிருக்குப் பாதுகாப்பு என்ற திசையில் அந்த அறிவுரை திருத்தப்பட்டது.

அப்படியானால் எப்போதும் கிளம்பிவிடுவதே நல்லது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. 2005 செப்டம்பரில் ரீட்டா சூறாவளி வருவதாக அறிந்து டெக்ஸாஸ் கடற்கரையிலிருந்து 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே சமயத்தில் புறப்பட்டனர். கடும் வெயிலில் நெடுஞ்சாலைகள் பல மணி நேரம் நகராமல் உறைந்து நின்றன. முதியோர் இல்லத்தைச் சேர்ந்தவர்களை ஏற்றிச் சென்ற பேருந்து ஒன்று தீப்பிடித்ததில் மட்டும் 23 பேர் இறந்தார்கள். 2011இல் ஃபுகுஷிமா அணுவுலை விபத்தின்போது, அருகில் இருந்த ஒரு மருத்துவமனையிலும் அதைச் சேர்ந்த முதியோர் இல்லத்திலும் இருந்த 40க்கும் மேற்பட்ட நோயாளிகள், உரிய மருத்துவக் கவனிப்பு இல்லாமல் நடந்த வெளியேற்றத்தின்போதும் அதைத் தொடர்ந்தும் உயிரிழந்தனர். வெளியேறுவதற்கும் ஒரு விலை உண்டு. அதை முன்கூட்டியே கணக்கிட்டுப் பார்ப்பவரால்தான் சரியாக முடிவெடுக்க முடியும்.

வருவது எது என்பதே முதல் கணக்கு

எல்லா ஆபத்துகளுக்கும் பொருந்தும் ஒற்றை விடை கிடையாது. சிலவற்றிலிருந்து சுவர்கள் நம்மைக் காக்கும். சிலவற்றின் முன் அதே சுவர்கள் பொறியாகிவிடும். ஆகவே "இந்த ஆபத்தைத் தடுக்க என் வீட்டால் இயலுமா" என்று தொடங்குங்கள்.

புயல் காலத்தில் பேரிடர் மேலாண்மையில் இருப்பவர்கள் பின்பற்றும் விதி எளிமையானது: நீரிடமிருந்து விலகு, காற்றிடமிருந்து மறைந்துகொள். உறுதியான கட்டடம் காற்றைத் தாங்கும்; ஜன்னல் இல்லாத உள் அறையில் இருந்தால் பறந்து வரும் பொருட்களிடமிருந்தும் தப்பலாம். ஆனால் புயலோடு சேர்ந்து கடல் பல மீட்டர் உயரத்துக்கு எழும்பிக் கரைக்குள் புகும்போது எந்த உள் அறையும் உதவாது. தாழ்வான கடற்கரையில் இருப்பவர் வீடு எவ்வளவு வலுவானது என்று பார்க்க வேண்டியதில்லை. தரை கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்றுதான் பார்க்க வேண்டும். ஒடிசாவை 1999இல் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். அதே கரையை 2013இல் ஃபைலின் புயல் தாக்கியபோது சுமார் 10 லட்சம் பேர் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டிருந்தார்கள்; இறந்தவர் எண்ணிக்கை நூறைக்கூட எட்டவில்லை. நேரத்தோடு கிளம்புவதன் பலனுக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அதே 2013இல் பிலிப்பைன்ஸின் டக்லோபன் நகரில் ஹையான் புயலின்போது, புகலிடமாக ஒதுக்கப்பட்ட சில கட்டடங்களுக்குள்ளேயே கடல்நீர் புகுந்து அங்கிருந்தவர்களும் இறந்தார்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். கிளம்பும் இடத்தை விசாரிக்கும் அளவுக்குப் போய்ச்சேரும் இடத்தையும் விசாரியுங்கள்.

ஆற்று வெள்ளத்தில் கேள்வி சற்று வேறு. நீர் மெதுவாக ஏறும் சமவெளியில், இரண்டாவது மாடியும் போதிய குடிநீரும் உள்ளவர் மேலேயே இருந்துவிடுவது பல நேரங்களில் நியாயமான முடிவுதான். நீர் வேகமாகப் பாயும் இடத்தில், அணைக்குக் கீழே, மலைச்சரிவில், ஓலை அல்லது மண் சுவர் வீட்டில் அது நியாயமல்ல. மொட்டைமாடிக்குப் போக வழியில்லாத மூடிய பரண் எந்த வெள்ளத்திலும் புகலிடம் ஆகாது. நீர் தொடர்ந்து ஏறினால் அங்கிருந்து வெளியே வர முடியாது.

காட்டுத்தீயில் நம்மை ஏமாற்றுவது தூரம். தீயின் முகப்பு எங்கோ தொலைவில் தெரிந்தாலும், காற்றில் பறக்கும் தீப்பொறிகள் அதற்கு வெகுதூரம் முன்னால் விழுந்து புதிய தீயை மூட்டும். மேடேறும்போது தீ வேகமெடுக்கும். சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் அதன் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். மலை உச்சியிலோ மேல் சரிவிலோ வீடு இருப்பவர், கீழே தீ என்று கேள்விப்பட்டதுமே புறப்பட்டுவிட வேண்டும்.

நச்சுவாயுக் கசிவு இதற்கு நேர்மாறு. இரசாயனம் ஏற்றிய லாரி கவிழ்ந்தோ ஆலையில் குழாய் வெடித்தோ வாயு பரவும்போது, வெளியே ஓடுகிறவர் அந்த மேகத்துக்குள்ளேயே ஓடக்கூடும். பெரும்பாலான நேரங்களில் உடனடியாகச் செய்ய வேண்டியது உள்ளே போய், கதவு ஜன்னல்களை அடைத்து, ஏசியையும் மின்விசிறியையும் காற்றை வெளியேற்றும் விசிறியையும் நிறுத்தி, இடுக்குகளை ஈரத்துணியாலோ ஒட்டுநாடாவாலோ மூடுவது. குளோரின் போன்ற, காற்றைவிடக் கனமான வாயுக்கள் தாழ்வான இடங்களில் தேங்கும் என்பதால் மேல்மாடி நல்லது. இந்த ஏற்பாடு சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். வீட்டுக்குள்ளும் வாயு மெல்லக் கசிந்து வரும். வாயு கடந்துவிட்டது என்று அறிவிக்கப்பட்டதும் ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். திறந்த வெளியில் மாட்டிக்கொண்டவர் காற்று வீசும் திசையிலும் ஓடக்கூடாது, எதிர்த்தும் ஓடக்கூடாது. அதற்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும்.

அணுகுண்டு வெடிப்புக்குப் பிறகு விழும் கதிரியக்கத் தூசியிலும் இதே தர்க்கம்தான். கதிர்வீச்சு தொடக்கத்தில் மிக வேகமாகக் குறையும்: காலம் ஏழு மடங்காகும்போது அதன் அளவு பத்தில் ஒன்றாகும் என்பது தோராயமான விதி. முதல் மணி நேரத்தில் இருந்த அளவு 7 மணி நேரத்தில் பத்தில் ஒன்று, சுமார் இரண்டு நாளில் நூறில் ஒன்று. அதனால் கட்டடத்தின் நடுப்பகுதியிலோ நிலவறையிலோ குறைந்தது 24 மணி நேரம் இருப்பது, உடனே காரில் ஏறி ஓடுவதைவிடப் பல மடங்கு பாதுகாப்பானது. அணுவுலை விபத்து இதிலிருந்து வேறுபட்டது. கசிவு நாட்கணக்கில் தொடரலாம், காற்று திசை மாறலாம் என்பதால் அங்கே அரசின் அறிவிப்பைக் கேட்டு நடப்பதைத் தவிர வேறு நல்ல வழி கிடையாது.

நிலநடுக்கத்தில் அதிர்வு நிற்கும்வரை இருந்த இடத்திலேயே தாழ்ந்து, உறுதியான மேசைக்கு அடியில் தலையை மறைத்துக்கொள்வதும், அதிர்வு நின்ற பிறகு சுவர், தூண், எரிவாயு வாடை ஆகியவற்றைப் பார்த்து வெளியேறுவதும் பொதுமுறை. கடற்கரையில் இருப்பவருக்கு மட்டும் இன்னொரு கடமை உண்டு. நிற்கவே முடியாத அளவு பலமான அதிர்வோ, மென்மையானாலும் நெடுநேரம் நீடிக்கும் அதிர்வோ வந்தால், சைரன் ஒலிக்கும் என்று காத்திராமல் மேட்டுக்கு நடக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை தோன்றிய இடத்துக்கு மிக அருகில் இருந்தது இந்தோனேசியாவின் சிமலூ தீவு. அங்கே பல்லாயிரம் பேர் வாழ்ந்தும் அலைக்குப் பலியானவர்கள் வெகு சிலரே. 1907இல் வந்த பேரலையைப் பற்றிய வாய்மொழிக் கதையைப் பாட்டன் பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். நிலம் நடுங்கியதும் யாரையும் கேட்காமல் மலையேறினார்கள்.

அடுக்குமாடித் தீயில் அறிவுரை கட்டடத்தைப் பொறுத்தது. தீ உங்கள் வீட்டில் என்றால் கதவைச் சாத்திவிட்டு உடனே படிக்கட்டு வழியே இறங்குங்கள்; லிஃப்ட் வேண்டாம். வேறு தளத்தில் என்றால், தீ பரவாதபடி கட்டப்பட்ட கட்டடங்களில் இருந்த இடத்திலேயே இருக்கச் சொல்வது உண்டு. லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017 ஜூன் 14 அதிகாலை அந்த அறிவுரைதான் தரப்பட்டது. வெளிப்புறச் சுவரை மூடியிருந்த உறைப்பலகைகள் எரிந்து தீ கட்டடம் முழுவதையும் சூழ்ந்த பிறகும், முதல் அழைப்பு வந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்தே அது திரும்பப் பெறப்பட்டது. 72 பேர் இறந்தார்கள். ஓர் அறிவுரை எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறதோ அது பொய்த்துவிட்டது என்று கண்ணால் கண்ட பிறகும், அதாவது புகை கதவிடுக்கில் வரத் தொடங்கிய பிறகும், படிக்கட்டில் இறங்க வழி இருக்கும்போதே காத்திருப்பது அறிவுரைக்குக் கீழ்ப்படிதல் ஆகாது.

தொற்றுநோயைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அங்கே பயணமே ஆபத்தைச் சுமந்து செல்லும் என்பதால் இருப்பதுதான் பொதுவிதி. கலவரத்திலும், தெருவில் கும்பல் நடமாடும் நேரத்தில் உள்ளே விளக்கணைத்து இருப்பதும், அமைதி இடைவெளி ஒன்று கிடைத்ததும் பகலில் கிளம்புவதும் பெரும்பாலும் பொருந்தும். குறிவைக்கப்படுகிற சமூகத்தைச் சேர்ந்தவருக்கு இது பொருந்தாது. அவருடைய வீடே அடையாளமாகிவிடுவதால், முதல் வதந்தி வந்த அன்றே குழந்தைகளையாவது வேறிடத்துக்கு அனுப்பிவிடுவது நல்லது.

வழி எப்போது அடைபடும்

நான் இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டுமே அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் அது இதுதான்: ஆபத்து எப்போது வீட்டை அடையும் என்று கணக்கிடாதீர்கள், வழி எப்போது அடைபடும் என்று கணக்கிடுங்கள். வெள்ளம் வீட்டு வாசலுக்கு வர ஆறு மணி நேரம் ஆகலாம். ஆனால் வெளியே போகும் ஒரே சாலையின் தாழ்வான பாலம் இரண்டே மணி நேரத்தில் மூழ்கிவிடும் என்றால், உங்களுக்கு இருப்பது இரண்டு மணி நேரம்தான். அதிலிருந்து சாமான் கட்டும் நேரத்தையும், முதியவரை வண்டியில் ஏற்றும் நேரத்தையும், எல்லோரும் ஒன்றாகப் புறப்படுவதால் ஏற்படும் நெரிசலையும் கழித்தால் மிஞ்சுவது சில நிமிடங்களாகவும் இருக்கலாம்.

ஆகவே சாதாரண நாளிலேயே ஒருமுறை உட்கார்ந்து, வீட்டிலிருந்து வெளியேறும் எல்லா வழிகளையும் எழுதிப் பார்ப்பது நல்லது. அவற்றில் பாலம் எத்தனை, தாழ்வான பகுதி எது, மரம் விழக்கூடிய பகுதி எது, இரயில்வே கேட் எங்கே என்று குறித்துக்கொள்ளுங்கள். இருக்கும் ஒரே வழி அடைபடக்கூடியது என்றால், மற்றவர்களைவிட நீங்கள் முன்னதாகவே கிளம்ப வேண்டியவர். இரவு விழுந்தால் ஆபத்து இரட்டிப்பாகும் என்பதையும் கணக்கில் சேருங்கள். நீரின் ஆழமும் அறுந்து கிடக்கும் மின்கம்பியும் இருட்டில் தெரியாது. நள்ளிரவில் நிலைமை மோசமாகும் என்று முன்னறிவிப்பு சொன்னால், முடிவெடுக்க வேண்டிய நேரம் மாலை.

நீர் ஏற்கெனவே சாலையில் ஓடுகிறது என்றால் கணக்கு தலைகீழாகிவிடும். பாயும் நீர் கணுக்காலுக்குச் சற்று மேலே, 15 சென்டிமீட்டர் இருந்தாலே வளர்ந்த மனிதரைச் சாய்த்துவிடலாம். 30 சென்டிமீட்டர் பல சிறிய கார்களை மிதக்கவைக்கும். 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும். அந்நிலையில், வீட்டில் மேல்மாடி ஒன்று இருந்தால் அதுவே சாலையைவிடப் பாதுகாப்பான இடம். அதனால்தான் நேரம் தவறிக் கிளம்புவதை முதலிலேயே தனி விடையாகப் பிரித்துச் சொன்னேன். கிளம்ப வேண்டிய நேரம் தாண்டிவிட்டது என்று ஒப்புக்கொண்டு, இருக்கிற இடத்திலேயே இன்னும் உயரமான, இன்னும் உறுதியான மூலைக்குப் போவது தோல்வியல்ல. சில நேரங்களில் அதுவே மிச்சமிருக்கும் நல்ல முடிவு.

வெளியேறுவது என்றாலே நூறு கிலோமீட்டர் போவது என்று எண்ணத் தேவையில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பல நெருக்கடிகளில் தேவைப்படுவது இரண்டு தெரு தள்ளி, மேட்டில் உள்ள கான்கிரீட் கட்டடம்தான். நடந்தே போய்ச்சேரக்கூடிய உறவினர் வீடோ, பள்ளிக்கட்டடமோ, தொலைவில் உள்ள வசதியான இடத்தைவிடப் பெரும்பாலும் மேலானது. அங்கே போகும் முடிவை எளிதில் எடுக்கலாம். ஆபத்து வராமல் போனால் எளிதில் திரும்பவும் செய்யலாம்.

வீட்டில் யார் இருக்கிறார்கள்

நடக்க முடிந்த நால்வர் உள்ள குடும்பத்துக்குப் பொருந்தும் நேரம், படுக்கையில் ஒருவர் உள்ள குடும்பத்துக்குப் பொருந்தாது. டயாலிசிஸ் செய்துகொள்பவர், மின்சாரத்தில் இயங்கும் ஆக்சிஜன் கருவியை நம்பி இருப்பவர், நிறைமாதக் கர்ப்பிணி, கைக்குழந்தை என யாரேனும் இருந்தால், உங்கள் ஆபத்து புயலோடு முடிவதில்லை. அதற்குப் பிறகு வரும் மின்வெட்டும், மருத்துவமனைக்குப் போக முடியாத நாட்களும் சேர்ந்தது அது. வீடு பாறைபோல் நின்றாலும் அவர்கள் இருக்கக் கூடாது. அதே சமயம், அவர்களைத்தான் அவசரப் பயணம் அதிகம் வருத்தும். ஃபுகுஷிமா நோயாளிகளின் கதை அதைத்தான் காட்டியது. இரண்டையும் ஒருசேரத் தீர்க்கும் வழி ஒன்றே: பொது அறிவிப்பு வருவதற்கு முன்பே, சாலை காலியாக இருக்கும்போது, மருந்தும் மருத்துவச் சீட்டும் உதவிக்கு ஒருவரும் உடனிருக்க, அவர்களை மட்டுமாவது முதலில் அனுப்பிவிடுவது.

கால்நடைகளையும் வளர்ப்பு விலங்குகளையும் விட்டுவிட்டு வர மனமில்லாமல் பலர் கடைசிவரை தங்கிவிடுகிறார்கள். இதை அற்பக் காரணம் என்று ஒதுக்கிப் பயனில்லை. அவற்றை எங்கே கொண்டுபோவது என்று முன்பே தீர்மானித்துவிட்டால், கிளம்பத் தடையாக இருந்த ஒன்று நீங்கிவிடும். கொண்டுபோக முடியாவிட்டால் கட்டை அவிழ்த்துவிடுங்கள்.

எல்லைக்கோட்டை முன்பே போடுங்கள்

ஆபத்து நெருங்கும்போது மனம் நம்பத்தகுந்த ஆலோசகர் அல்ல. சென்ற முறை ஒன்றும் ஆகவில்லை, பக்கத்து வீட்டார் இன்னும் போகவில்லை, திருட்டுப் போனால் என்ன செய்வது என்று அது காரணங்களை அடுக்கிக்கொண்டே போகும். அதிலும் பக்கத்து வீட்டாரைப் பார்ப்பது மிகவும் வலுவான தூண்டுதல். அவர்களும் உங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

இதற்கு மாற்று, நிதானமாக இருக்கும்போதே ஓர் எல்லைக்கோட்டை எழுதிவைப்பது. அது கண்ணால் பார்க்கக்கூடியதாகவும், வாதிட இடமில்லாததாகவும் இருக்க வேண்டும். "நிலைமை மோசமானால் கிளம்புவோம்" என்பது எல்லைக்கோடு அல்ல. "தெருமுனை மதகின் இரண்டாவது படியை நீர் தொட்டால் கிளம்புவோம்", "சிவப்பு எச்சரிக்கை வந்தால் அன்று மாலை நான்கு மணிக்குள் கிளம்புவோம்", "அந்த மலைமுகட்டுக்கு இப்பால் புகை தெரிந்தால் கிளம்புவோம்" என்பவை எல்லைக்கோடுகள். அரசு வெளியேறச் சொல்லி ஆணையிட்டால் மற்ற எல்லாக் கோடுகளும் இரத்தாகி, அதுவே கோடாகிவிடும். நாம் பார்க்க முடியாத நீர்மட்டத்தையும் காற்றோட்டத்தையும் பார்த்துத்தான் அந்த ஆணை வருகிறது. ஆணை வராததை மட்டும் பாதுகாப்புக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. வேகமாக வரும் ஆபத்தில் ஆணை தாமதமாகும், கைப்பேசிக் கோபுரமும் முதலிலேயே விழுந்துவிடலாம். குடும்பத்தில் யார் கோட்டைக் கண்டாலும் சொல்லலாம், சொன்னால் மற்றவர் மறுக்கக் கூடாது என்பதையும் அதோடு முடிவுசெய்துகொள்ளுங்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி எந்தக் கோட்டுக்கும் அடிப்படையாக வேண்டாம். வானிலைத் துறை, பேரிடர் மேலாண்மை ஆணையம், வானொலி ஆகியவற்றில் ஒன்றாவது உறுதிசெய்யட்டும்.

முடிவெடுத்த பிறகு

இருப்பது என்று தீர்மானித்தால், அது வெறுமனே கிளம்பாமல் இருப்பது ஆகிவிடக் கூடாது. ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் 3 முதல் 4 லிட்டர் நீர் என்று குறைந்தது மூன்று நாளைக்கு, சமைக்காமல் உண்ணக்கூடிய உணவு, மருந்து, டார்ச், மின்கலத்தில் இயங்கும் வானொலி, பவர் பேங்க் ஆகியவை தயாராக இருக்க வேண்டும். ஜெனரேட்டரையும் கரி அடுப்பையும் வீட்டுக்குள்ளோ, ஜன்னலை ஒட்டியோ வைக்காதீர்கள்; வாடையற்ற கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே குடும்பத்தைக் கொன்றுவிடும். புயலின் நடுவே காற்று திடீரென்று அடங்கினால் அது புயலின் கண் கடக்கும் நேரமாக இருக்கலாம். சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று வீசும் என்பதால், அந்த அமைதியை நம்பி வெளியே வரக் கூடாது.

கிளம்புவது என்றால், சாமானைக் குறைத்து நேரத்தைக் கூட்டுங்கள். அடையாளச் சான்றுகள், வீட்டுப் பத்திரம், மருந்து, ரொக்கம், சார்ஜர், மாற்றுத்துணி, நீர் இவை ஒரு பையில் முன்பே இருந்தால் பத்து நிமிடத்தில் வாசலைத் தாண்டலாம். நேரம் இருந்தால் மெயின் சுவிட்சையும் எரிவாயு வால்வையும் அணையுங்கள். தரை ஏற்கெனவே நனைந்திருந்தால் சுவிட்சுப் பெட்டியைத் தொடாதீர்கள். எந்த வழியில் எங்கே போகிறோம் என்று வெளியூரில் உள்ள ஒருவருக்குக் குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள். நெருக்கடி நேரத்தில் உள்ளூர் அழைப்பு கிடைக்காதபோதும் குறுஞ்செய்தி பல நேரங்களில் போய்ச்சேரும். குடும்பம் பிரிந்துபோனால் எல்லோரும் அந்த ஒருவரிடமே விசாரித்துக்கொள்ளலாம்.

திரும்பி வருவதும் இதே போன்ற ஒரு முடிவுதான். ஆனால் அதற்கு யாரும் எல்லைக்கோடு போடுவதில்லை. வெள்ளம் வடிந்த மறுநாளே வீட்டைப் பார்க்கும் ஆவலில் போகிறவர்கள், அரிக்கப்பட்ட சாலையிலும், நீரில் ஊறிய சுவரிலும், மின்சாரம் பாயும் கம்பியிலும், ஒதுங்கிய பாம்பிலும் அடிபடுகிறார்கள். பகுதி திறந்துவிடப்பட்டதாக அறிவிப்பு வந்த பிறகு, பகலில், முதலில் பெரியவர்கள் இருவர் மட்டும் போவது நல்லது. வெளியே நின்றபடியே சுவர் விரிசலையும் தூண்களின் சாய்வையும் பாருங்கள். கதவைத் திறந்ததும் எரிவாயு வாடை வந்தால் விளக்கையோ தீக்குச்சியையோ தொடாமல் திரும்பிவிடுங்கள். நனைந்த மின் இணைப்புகளை மின் பணியாளர் ஒருவர் சோதித்துச் சரி என்று சொன்ன பிறகு மெயின் சுவிட்சைப் போட்டு, குடிநீரைக் கொதிக்கவைக்க ஏற்பாடு செய்துவிட்டு, மற்றவர்களை வரச் சொல்லலாம்.